கால் அறிந்த கழனிகள்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு ஏரிக்குள் இறங்கி நடந்தேன். நனையவில்லை. தண்ணீர் இருந்தால்தானே நனைய!

உத்திரமேரூரிலிருந்து நாலு மைல் உள்ளே தள்ளி ஒரு கிராமம். அந்த ஊர் ஏரி, கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. ‘ஏரிக்குள் என் கண்காட்சி, அவசியம் வாருங்கள் அக்கா’ என்று கார்டு போட்டிருந்தாள் வசந்தா.

(ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. படித்து முடித்தால் காரணம் உங்களுக்கே புரியும்.)

வசந்தா எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தவள். ஓவியக் கல்லூரியில் படித்தவள். இப்போது மெட்ராஸில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். முப்பத்திரண்டு வயது. ‘கல்யாணம் எப்போ?’ என்று கேட்டால் ‘பெயின்ட் காயட்டும்’ என்பாள்.

எனக்கும் நவீன ஓவியத்துக்கும் ஏழாம் பொருத்தம். அவளுடைய முந்தைய கண்காட்சியில், முழுக்க மஞ்சள் பூசிய ஒரு படத்தின் முன்னால் பத்து நிமிஷம் நின்றேன். ரசனையா? இல்லை. வசந்தா பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாள். நகர்ந்து போகத் தைரியம் வரவில்லை.

ஆனால் இந்த ஏரிக்குள் நான் நின்றது வேறு. யாரும் பின்னால் இல்லை. நகரத்தான் மனசு வரவில்லை.

ஆரம்பத்திலிருந்து சொல்லிவிடுகிறேன்.

பள்ளிக்கூடம் லீவு விட்டதும், பங்குனிக் கடைசி வெயிலில் கோயில் சிற்பங்களை வரையலாம் என்றுதான் வசந்தா உத்திரமேரூருக்குப் போயிருக்கிறாள். சுற்றுவட்டாரம் பார்க்க ஒரு நாள் சைக்கிளில் இந்தக் கிராமத்துப் பக்கம் போனாள். பம்ப்செட் வைத்திருக்கிறவர்கள் மட்டும் சொர்ணவாரிக்கு, அதாவது கோடைப் பட்டத்துக்கு, நடவு நட்டுக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் நடவு முடித்து, பத்துப் பெண்கள் வரிசையாக வரப்பில் ஏறி வந்தார்கள்.

அவர்களுடைய கால்களைப் பார்த்துவிட்டு சைக்கிளை நிறுத்திவிட்டாள்.

கணுக்கால் வரைக்கும் கறுப்பு. அதற்கு மேல் முழங்கால் வரைக்கும் செக்கச் சிவப்பு. பத்துப் பேருக்கும் அளந்து கோடு போட்ட மாதிரி. யாரோ பிரஷ்ஷால் பூசியது போல!

முன்னால் வந்த பெண்ணிடம் கேட்டிருக்கிறாள். “காலெல்லாம் ஏம்மா ரெண்டு கலரு?”

அந்தப் பெண் தன் காலைக் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தாராம். “காலைல மேலண்ட கயனி. அந்தச் சேறு செவப்பு, ஆழம் ஜாஸ்தி. மத்தியானம் கீயண்ட கயனி. அது கருப்பு. நடுவுல காலு கயுவ எங்க நேரம்? எங்க காலைப் பாத்தே சொல்லிடலாம்மா, இன்னிக்கி யார் கயனில எறங்கிட்டு வந்தோம்னு.”

அவர்தான் எஸ்தர். நாற்பது வயதிருக்கும். காலனியில் வீடு. சொந்த நிலம் கிடையாது, அவர் அப்பாவுக்கும் கிடையாது. நடவுக்கும் களையெடுப்புக்கும் பத்துப் பெண்களைச் சேர்த்து அழைத்துப் போகிறவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவார். மற்ற ஆறு நாளும் சேற்றில்.

அன்றைக்கு சிற்பப் படங்களை மூடி வைத்தவள்தான் வசந்தா. மறுபடி திறக்கவில்லை.

ஏரிக்குக் கீழே இருக்கிற அத்தனை கழனிகளையும் ஒரே இடத்தில் படமாக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு வெறி வந்துவிட்டது. கலரே கிடையாது. அந்தந்தக் கழனியின் மண்ணே அந்தந்தக் கழனிக்குக் கலர். கழனி ஊர் நில வரைபடத்தில் எப்படிக் கோணிக் கிடக்கிறதோ அதே மாதிரி, நாலு விரல் உயரத்துக்கு மண்ணை நிரவி, நீர் தெளித்து, கையால் பூசுவது. ஒரு கல்யாணப் பந்தல் அகலத்துக்கு!

டீக்கடையில் சிரித்திருக்கிறார்கள். “மண்ணைக் கொண்டாந்து மண்ணு மேல கொட்டறதுக்கு மெட்ராஸ்லேர்ந்து ஒரு ஆளா?”

சிரிக்காதவர் ஏகாம்பரம். ஊரில் பெரிய கை. ஏரி மதகுக்குப் பக்கத்தில் ‘பெரிய கழனி’ அவருடையது. ரைஸ்மில்லும் அவருடையது. “பருந்து மேலேர்ந்து பாக்கற மாதிரி ஊரைப் பாக்கலாம்னு சொல்றீங்க... நம்ம மில்லு களத்துலயே போடுங்கம்மா. அறுவடை வரைக்கும் அது சும்மாதான கீது” என்று நெல் காயவைக்கிற சிமென்ட் களத்தைக் கொடுத்துவிட்டார். நல்ல மனுஷர்தான். அதையும் சொல்லியாக வேண்டும்.

நடவு இல்லாத பொழுதுகளில் எஸ்தரும் அவர் கூட்டமும் வேடிக்கை பார்க்க வந்தார்கள். இரண்டாம் நாளே வேடிக்கை போய் வேலையாகிவிட்டது. வரைபடத்தில் இருந்தது வெறும் கோடு. எஸ்தரிடம் மற்றதெல்லாம் இருந்தது.

“இந்த வரப்பு நேரா போவாது. பனமரத்தாண்ட வளையும்.”

“இது ஒரே கயனி இல்லம்மா. அண்ணன் தம்பி பிரிச்சிக்கினாங்க.”

“இந்தா, இந்த மூலைல சவுட்டு மண்ணு. இந்தப் பக்கம் களிமண்ணு. இங்க கால் வெச்சா எடுக்கறது பேஜாரு.”

எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தர், தன் உள்ளங்காலில் ஒரு ஊரின் நிலப் பதிவேட்டையே வைத்திருக்கிறார்! வசந்தா சொன்னபோது நான் நம்பவில்லை. மே மாதம் ஒரு சனிக்கிழமை நேரில் போனேன்.

உத்திரமேரூர் பஸ்ஸில் கண்டக்டர், “கல்வெட்டு பாக்கவாம்மா?” என்றார். பட்டணத்துக்காரர்கள் வேறு எதற்கு வருவார்கள்? “இல்லைங்க, மண் பாக்க” என்றேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

அன்றைக்குப் பார்த்து ஊரே களத்தில் இருந்தது. அவரவர் கழனி மண்ணைக் கொண்டுவந்து கொடுக்கிற நாள். பவுடர் டப்பா, பிஸ்கட் டின், சிமென்ட் சட்டி, ஒருவர் மஞ்சள் பையில். தன் மண் எந்த இடத்தில் விழுகிறது என்று பார்க்க ஒவ்வொருவருக்கும் அத்தனை ஆவல். பக்கத்துக் கழனிக்காரன் மண் தன் எல்லைக்குள் ஒரு விரற்கடை வந்தால் அங்கேயும் தகராறு! நம் ஜனங்கள் நம் ஜனங்கள்தான்.

ஏகாம்பரம் வந்தார். பின்னால் ஒரு ஆள் பித்தளைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு. குடத்துக்கு மஞ்சள் குங்குமம் எல்லாம் வைத்திருந்தது. கருகருவென்று கறுத்த, பார்க்கவே வளமான மண். வசந்தா அதைப் பெரிய கழனிக்கு ஒதுக்கிய இடத்தில் கொட்டினாள்.

உட்கார்ந்து நிரவிக்கொண்டிருந்த எஸ்தர் ஒரு சிட்டிகை எடுத்தார். இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தார். முகர்ந்தார்.

“இது பெரிய கயனி மண்ணு இல்லியே.”

ஒரு வம்பும் இல்லாத குரல். உப்பு குறைகிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார். நான் ஏகாம்பரத்தின் முகத்தைப் பார்த்தேன்.

“இன்னா எஸ்தரு சொல்ற?” என்றார் ஏகாம்பரம்.

“இது ஏரி வண்டலுங்க ஐயா. எருக்குழியாண்ட கொட்டி வெச்சிக்கிறீங்களே, அது. பெரிய கயனில மணல் கலந்திருக்கும். வடக்கு மூலைல சுக்காங்கல்லு இருக்கும். கடல மாதிரி, வெள்ளையா. கால்ல சுருக்குனு குத்தும். இதுல ஒரு கல்லு கூட இல்ல.”

“என் நெலத்து மண்ணு எனக்குத் தெரியாதா?”

எஸ்தர் அந்தச் சிட்டிகையைக் குவியலிலேயே திரும்பப் போட்டார். குடம் தூக்கி வந்த ஆள் தரையைப் பார்த்தான். கழனி வரைக்கும் நடக்கச் சோம்பல்பட்டு, மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் அள்ளிவந்திருக்கிறான் என்று அந்த முகத்திலேயே எழுதியிருந்தது.

அத்தோடு முடிந்திருக்கும். கூட்டத்தில் யாரோ ஒருவர் சிரித்துவிட்டார்.

அந்த ஒரு சிரிப்புதான்!

ஏகாம்பரம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வசந்தாவைப் பார்த்து, மரியாதையாகத்தான் சொன்னார். “திங்கக்கெழம களம் வேணும்மா. நெல்லு வருது.” மே மாதத்தில் ஏது நெல்?

நான் மத்தியான பஸ்ஸில் திரும்பிவிட்டேன். அதற்கப்புறம் நடந்ததை வசந்தாவும் எஸ்தரும் போன ஞாயிற்றுக்கிழமை மாற்றி மாற்றிச் சொன்னார்கள்.

களம் போனது சின்ன விஷயம். அந்த வாரம் பெரிய கழனியில் களையெடுப்பு. வருஷா வருஷம் எஸ்தர் கூட்டம்தான். இந்த முறை சொல்லிவிடவில்லை. பக்கத்து ஊரிலிருந்து ஆள் வந்தது. அவருக்கு வேண்டிய இன்னும் இரண்டு பேரும் எஸ்தரைக் கூப்பிடவில்லை. ஒரு சிட்டிகை மண்ணால், பத்து வீட்டில் அடுப்பு எரிவது சந்தேகமாகிவிட்டது.

வசந்தா ஏகாம்பரம் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டாள். மோர் கொடுத்து உபசரித்து அனுப்பிவிட்டார்கள். களையெடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்படியே காலனிக்குப் போனாள். தன்னால்தான் வந்தது, எல்லாவற்றையும் வாரிக் கொட்டிவிட்டு ஊருக்குப் போய்விடுகிறேன் என்று அழுதிருக்கிறாள்.

எஸ்தர் ஆறுதல் சொல்லவில்லை.

“போவியாம்மா? நீ பாட்டுக்கு பஸ்ஸு ஏறிக்கினு போயிடுவ. நாங்க இங்கயேதான குந்திக்கினு இருக்கணும்? பேச்சும் வாங்கியாச்சு, வேலையும் பூட்ச்சு. இப்ப அதையும் பாதில வுட்டுட்டுப் போனா ஊரு இன்னா சொல்லும்? எறங்கின கயனிய முடிக்காம கரையேறினது இல்ல நாங்க.”

வசந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“எங்கே போடறது எஸ்தர்? களம்தான் இல்லையே.”

“ஏரி கீதே. அது யார் வூட்டுது? ஊருக்கே பொது. வேலதான் இல்லியே எங்களுக்கு, கூடையை எடுத்துக்கினு வரோம்.”

பத்துப் பெண்கள். மூன்று நாள். திங்கட்கிழமையே களத்தோரம் குவியல் குவியலாக ஒதுக்கியிருந்த மண்ணை, ஒரு கழனி இன்னொரு கழனியோடு கலக்காமல், கூடை கூடையாகச் சுமந்து கரை ஏறி, ஏரிக்குள் இறக்கியிருக்கிறார்கள். வெயில் கொளுத்துகிறது. எந்தக் கூடையில் எந்தக் கழனி என்று சீட்டு ஒட்ட வசந்தா ஓடியிருக்கிறாள். எஸ்தர் சிரித்தாராம். “சீட்டு எதுக்கு? தொட்டா தெரியாதா?”

பெரிய கழனிக்கு மட்டும் மண் இல்லை. ஏகாம்பரம் அனுமதி இல்லாமல் எடுக்க எஸ்தர் சம்மதிக்கவில்லை. “அது காலியா கெடக்கட்டும்” என்றார்.

இன்னொன்றும் குறைந்தது. எல்லாக் கழனியும் தயார், நடுவில் வரப்பு இல்லை. வசந்தா கேட்டிருக்கிறாள்: “எல்லார் மண்ணும் வந்தாச்சு. உங்க மண்ணு எங்கே எஸ்தர்?”

எனக்கு அந்தக் கேள்வியே தப்பாகப் பட்டது. நிலம் இல்லாதவரிடம் கேட்கலாமா? எஸ்தர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் யோசித்தார். காலனி அடிபம்ப்புக்கு அழைத்துக்கொண்டு போனார். பம்ப்புக்குக் கீழே, தண்ணீர் ஓடுகிற இடத்தில் மண் மேடு தட்டியிருக்கிறது. அதில் இரண்டு வாழை செழித்து நிற்கிறது.

“வேல முடிச்சு வந்து எல்லாரும் இங்கதான் காலு கயுவறோம். எங்க அம்மா காலத்துலேர்ந்து. மேலண்ட கயனி, கீயண்ட கயனி, பெரிய கயனி, எல்லார் வூட்டு மண்ணும் எங்க கால்ல வந்து இங்க கீது. இதான்மா எங்க மண்ணு. எடுத்துக்க.”

அந்த மண்ணைக் குழைத்துத்தான் எல்லா வரப்புகளையும் போட்டார்கள்.

நான் போன ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரை மேல் நின்று பார்த்தது இதைத்தான். சிவப்பு, கறுப்பு, சாம்பல், மஞ்சள், நனைந்த வெல்லம் மாதிரி ஒரு பழுப்பு... ஒரு மண் மாதிரி ஒரு மண் இல்லை. அவற்றை எல்லாம் சேர்த்துப் பின்னிக்கொண்டு, எங்கேயும் அறுந்து போகாமல் ஓடுகிற மெல்லிய வரப்புகள். வரப்பென்றால் பிரிக்கிறது என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். மேலிருந்து பார்த்தால் தைத்த மாதிரி இருக்கிறது.

நடுவில் ஒரு பெரிய வெற்றிடம். வெடித்த ஏரித் தரை மட்டும். அதைப் பார்த்தவர்கள் எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

ஜனங்கள் வெறுங்காலோடு வரப்பு மேல் நடந்து போனார்கள். “இந்தா, நம்முது!” என்று குந்தி உட்கார்ந்து தொட்டுப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் தன் கழனிக்கு மடை எங்கே என்று விரலால் கீறிக் காட்டினார். எந்த ஆர்ட் காலரியில் இப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்திருக்கிறோம்?

பத்து மணி சுமாருக்கு ஏகாம்பரம் வந்தார்.

எல்லாரும் வழிவிட்டு ஒதுங்கினார்கள். வலது காலை ஊன்றாமல் விந்தி விந்தி நடந்து வந்தார். குதிகாலில் துணிக்கட்டு. விடிகாலை ஆராதனை முடித்து வந்திருந்த எஸ்தரிடம் நேரே போனார். எஸ்தர் எழுந்து நின்றார்.

“வந்த ஆளுங்க வடக்கு மூலைய தொடாம வுட்டுட்டு ஏறிட்டாளுங்க” என்றார், யாரையும் பார்க்காமல். “கல்லு குத்துதாம். எங்கடி கல்லுன்னு நான் எறங்கினேன். பத்து வருஷம் இருக்கும், அந்தக் கயனில எறங்கி.”

குதிகால் கட்டைக் குனிந்து பார்த்தார்.

“ஒன்னு கணக்கா ஏறிடுச்சு.”

நான் சிரித்துவிடுவேனோ என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. அவர் மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்தார். அவிழ்த்தார். மணல் கலந்த மண். நடுநடுவே வெள்ளை வெள்ளையாகக் கல்.

“இத்தனூண்டுதான் கொண்டாந்தேன். பத்தாது. மிச்சத்த நீயே போயி எடுத்துக்கோ. எங்க நல்லா இருக்குன்னு உனக்குத்தான் தெரியும்.”

எஸ்தர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். விரலால் ஒரு தரம் தேய்த்துப் பார்த்தார் — பழக்கம் விடுமா!

“இதான் ஐயா” என்றார்.

எஸ்தரின் அம்மா காலத்தில் நிலக்காரரை ‘ஆண்டே’ என்றுதான் கூப்பிடுவார்களாம். எஸ்தர் ‘ஐயா’ என்கிறார். அவர் மகள் என்ன சொல்லிக் கூப்பிடுவாளோ? அந்த நிமிஷம் எனக்கு ஏனோ அந்த யோசனை ஓடியது. இந்த ஒரு துணி முடிச்சில் எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல நான் சின்னக் குழந்தை இல்லை. காலனி காலனியாகத்தான் இருக்கிறது. பெரிய கழனி ஏகாம்பரத்துடையதாகத்தான் இருக்கிறது. ஆனால் தன் நிலத்தைப் பற்றி ஒரு விஷயம் தனக்குத் தெரியாது, இந்தப் பெண்ணுக்குத் தெரியும் என்று ஊர் பார்க்க வந்து நின்றாரே... அதற்கு ஒரு நெஞ்சு வேண்டும். எத்தனை பேருக்கு வரும்?

“நாளைக்கே வந்துடுங்க. வடக்கு மூல முச்சூடும் கோரை மண்டிக்கினு கீது” என்றார்.

எஸ்தர் தன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். “நாளைக்கி வேற கயனி ஒத்துக்கினோம் ஐயா. புதங்கெழம வரோம்.”

புதன்கிழமையே ஆகட்டும் என்று தலையாட்டிவிட்டுப் போனார் ஏகாம்பரம்.

வசந்தா என் பக்கத்தில் அழுதுகொண்டிருந்தாள். முகம் கறுத்து, கையெல்லாம் வெடித்து, நகத்துக்குள் மண். மெட்ராஸ் கண்காட்சியில் பட்டுப்புடவை கட்டி நின்றவளா இவள்? படிப்பு சொல்லிக் கொடுக்காததை, ஒரு கூட்டம் பெண்களுக்குப் பின்னால் கூடை தூக்கிக் கற்றிருக்கிறாள். தன் பெயரை எங்கேயும் எழுதவில்லை. பத்துப் பெண்களின் பாதங்கள் வரப்பில் பதிந்திருக்கின்றன. கையெழுத்து அதுதானாம்.

எனக்கு ஒரு ஆதங்கம். “மழை வந்து ஏரி நிறைஞ்சா எல்லாம் கரைஞ்சுடுமே வசந்தா? இவ்வளவு பாடுபட்டு...”

வசந்தா வாயைத் திறப்பதற்குள் எஸ்தர் சொன்னார். “கரைஞ்சா எங்கம்மா போவும்? மதகு வயியா திரும்ப கயனிக்குத்தான போவும்.”

இதற்கு மேல் கலை விமர்சனம் எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. தாம்பரத்தைத் தாண்டி எங்களுக்கு ஒரு மனை இருக்கிறது. வாங்கி ஆறு வருஷம் ஆகிறது. பத்திரம் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. “ஏங்க, நம்ம மனையில மண்ணு என்ன நிறம்?” என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.

பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: “சர்வே நம்பர் வேணும்னா சொல்றேன்.”